பதினைந்தாவது தடவை

என்னங்க,

இன்று கிறிஸ்தவ இசை வரலாற்றில் ஒரு புது யுகம் பிறந்திருக்கிறது. யுகபுருஷருக்குச் சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்குங்க.

நேற்று வெளிச் சத்தம் வராமலிருக்க பெட்ரூம் ஜன்னலில் கம்பளி கட்டி, ஃபேனை நிறுத்தி, "மூச்சு விடாத, எவாஞ்சலின்!" என்று என்னை வெளியே விரட்டிப் பதிவு பண்ணினீங்களே, அந்தப் பதினாலு தடவையும் பீரோவுக்குள் மாட்டிக்கினவர் பாடுகிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் என்னைச் சமாதானம் பண்ண, கிட்டாரோடு சமையலறை வாசலில் உட்கார்ந்து அதே பாட்டை ஒரே மூச்சில் பாடினீங்க. அதை என் போனில் எடுத்து, மணவூர் பாடகர் குழு சைமன் அண்ணனுக்கு அனுப்பிட்டேன்.

காலையில் கூப்பிட்டார். "எந்தக் கூட்டத்துல பாடினாரும்மா? ஜனங்க கைதட்டிக்கினே இருக்காங்களே! கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இந்தப் பாட்டுதான், அவரே வந்து பாடணும்!"

ஜெயிச்சிட்டீங்க! நாலு மணிக்கு வாழ்த்த வர்றார். கம்பளியை அவிழ்த்து வைங்க. நான் பள்ளிப்பட்டு அக்கா வீட்டுக்குப் போறேன். கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைத்தால் ஏழுக்குள் வந்துடுவேன். கோபம் போயிடுச்சு, பாதி.

எவா

பி.கு. அண்ணன் எதிரில் அப்பளம் மட்டும் பொரிக்காதீங்க. அந்தக் கைதட்டல் நான் அப்பளம் பொரித்த சத்தம்.