ஜப்பான் ஜீப்பும் எங்கள் ஏற்றமும்

ஞாயிறு இரவு, விடாத மழை

அக்காவுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமே என்று அப்பா இன்று விலைக்கு ஒரு ஜீப் பார்த்தார். எங்கள் மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க, சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

"ஜப்பான் பனியிலயே வழுக்காம ஓடுன வண்டிங்க," என்றார் தரகர். வெள்ளைக் கால்சட்டை வேறு.

"அங்க இத்தனை சொந்தக்காரங்க ஏறியிருக்க மாட்டாங்களே," என்றேன்.

"வாய மூடிக்கிட்டு ஏறுடா," என்றார் அப்பா.

பாதி ஏற்றத்தில் ஜீப் சேற்றில் புதைந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தரகரின் கால்சட்டை தேயிலைச் சாயம் ஆனது. நிமிர்ந்தால், அக்கா மெல்ல நடந்தே மேலே போய், வயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"ஐயோ, வலியாடி?" அம்மா அலறினாள்.

"சிரிப்பு வலிம்மா!"

நாளைக்கே அக்காவை அட்டன் டவுனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டில் விடப்போகிறோம். பஸ்ஸில்தான். ஜீப் இன்னும் சேற்றில். தரகர் அப்பாவின் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு என் கட்டிலில் குறட்டை விடுகிறார். நான் தரையில்.