வெறும் வயிற்றுக் குளிசை

அரிப்பு
22.04.2012

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

மாதாவின் தயவால் அப்பாவும் நானும் சுகமாய் நடமாடுகிறோம், அந்தப் பாரிசுக் குளிரிலே நீயும் மருமகனும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று நாள்தோறும் செபிக்கிறேன். வீட்டுத் திட்டத்து வீட்டுக்கு ஒருபடியாகக் கூரை போட்டாயிற்று, அப்பா திரும்பவும் கடலுக்குப் போகிறார், முழங்கால் வலித்தால் மட்டும் என்னோடு சண்டை.

தங்கச்சி றஞ்சிதாவின் தைரொயிட் பற்றிக் கேட்டிருந்தாய். தை மாதம் இரத்தம் சோதித்தபோது சுரப்பு கொஞ்சம்தான் குறைவு என்றார்கள். இப்பிடிச் சின்னக் குறைவெண்டால் அநேகமா மருந்து தராமல் மூண்டு மாசத்தாலை திருப்பிச் சோதிப்பம், ஆனா உமக்கு ஒருக்காக் கரு கலைஞ்சிருக்கு, அடுத்த பிள்ளைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறீர், பொறுக்க வேண்டாம், இப்பவே சின்ன அளவிலை தொடங்குவம் என்றாராம் டொக்டர். அந்த மருந்துக் குளிசையை விடியவே வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும், தேத்தண்ணி அரை மணித்தியாலம் கழித்துத்தான். அவளும் தொடங்கினாள். பிறகு தவக்காலம் வந்தது. தினமும் விடியற்பூசைக்குப் போய் நற்கருணை எடுக்கிற பிள்ளை, அதற்கு முதல் வாயில் ஒன்றும் படக்கூடாதென்று குளிசையை விட்டுவிட்டாள். பெரிய வியாழனன்றுதான் அலுமாரியில் குளிசை அட்டை அப்படியே கிடக்கக் கண்டேன். எனக்கு வந்த கோபம்! பிள்ளை வேணுமெண்டுதானே அம்மா பூசைக்குப் போனனான் என்று அழுகிறாள். பங்குக் குரு எமிலியானுஸ் சுவாமியிடம் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணியும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது பிள்ளை, குளிசையைக் குடிச்சிட்டே பூசைக்கு வாரும் என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் மனம் ஆறியது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து சோதித்தால் குறைவு கூடியிருந்தது. அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது, றஞ்சிதா இரண்டு மாதம். குளிசை விட்ட நாட்களில்தான் உண்டாகியிருக்கிறது. டொக்டர் அளவைக் கூட்டித் தந்திருக்கிறார், மாதாமாதம் சோதிக்க வேண்டுமாம், ஒன்றும் ஆகாதென்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. போனமுறை மூன்றாம் மாதத்தில்தானே போனது. எனக்குப் பயமாக இருக்கிறது பிள்ளை. அவள் எழும்பிக் குளிசையைக் குடிக்கும்வரை நான் இப்போது அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைப்பதேயில்லை.

இது அக்கா தங்கச்சிமாருக்கும் வருமாம், நீயும் ஒருக்கா இரத்தம் சோதித்துப் பார், பஞ்சிப்பட்டுத் தள்ளிப்போடாதே. மடு மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாளாக.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ரெலிபோன் எடுக்கும்போது தங்கச்சியிடம் நீயாக ஒன்றும் கேட்காதே. பிள்ளை உண்டானதை அவளாகச் சொன்னால் அப்போதுதான் முதல்முறை கேட்கிறவள் போல வாய்விட்டுச் சிரி. என்னிடம் சொன்னபோது நான் அழுதுவிட்டேன், அவள் புருசன் டிலோஜன் எழும்பி வெளியே போய்விட்டான். அவளுக்காக இன்னும் ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
பெற்றிசியா