நாள் தெரியாத ரத்தம்

ஆட்டுக் கொட்டகையில் எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிய என் அம்மாவுக்கு,

நம் ரகசியத்தை நான் சொல்லிவிட்டேன் அம்மா. அதுவும் அப்பா காது கேட்க. கோபப்படுவதானால் இப்போதே பட்டுக்கொள். மிச்சத்தையும் கேட்டபிறகு உனக்குக் கோபம் வராது.

வயதுக்கு வந்த சில மாதங்கள் மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. பிறகு தவறியது. தவறித் தவறி, ஒரு கட்டத்தில் காணாமலே போனது. உனக்குத்தான் முதலில் தெரிந்தது. நம் தெருவில் எந்த வீட்டுப் பெண் எப்போது வீட்டுக்குத் தூரம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போனால்தான் கேள்வி வரும். "ஏட்டி, மாசம் பொறந்தா மூணு நாளு கொட்டகையில போய் உக்காந்துக்கோ. கேக்குறவகிட்ட வந்துட்டுன்னு சொல்லு. கல்யாணம் ஆகாத புள்ளைக்கு வரலன்னா இந்த ஊரு என்ன பேசும்னு எனக்குத் தெரியும்" என்றாய். தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். கறையே இல்லாத துணியை அலசி, பாதி மறைத்தும் பாதி தெரியும்படியும் காயப்போட்டாய்.

ஒன்று சொல்லட்டுமா? அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. தீப்பெட்டி ஆபீசுக்குப் போக அப்போதும் தடையில்லை, வீட்டுப்படி ஏறத்தான் தடை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கொட்டகையில் உட்கார்ந்தால், நீ சோற்றோடு வருவாய். ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து நீ பாட்டுக்குப் பேசுவாய். மற்ற நாட்களில் உனக்கு ஏது நேரம்? நான் அதிகம் பேசாதவள். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நீ மஞ்சள் காமாலையில் போன பிறகும் நான் மாதம் தவறாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். ஊருக்குப் பயந்து மட்டும்தான் என்று நினைக்கிறாயா?

இப்போது அப்பாவின் அக்கா நம் வீட்டோடு வந்திருக்கிறார்கள். அத்தைக்கு என் மோவாயில் முளைக்கும் முடிதான் கவலை. கழுத்துக் கருப்பும் உடம்பு பெருத்ததும் அதற்கு அடுத்தது. "ஏலே தம்பி, நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா இவ தாடியப் பாத்துட்டு மாப்பிள்ளை யாருன்னு கேக்கப் போறான்" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அத்தைக்குத் தாட்சண்யம் கிடையாது என்று உனக்குத் தெரியுமே. ஆனால் கோவில்பட்டி டாக்டரம்மாவிடம் என்னைக் கூட்டிப்போனதும் அவர்கள்தான்.

டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அத்தையே பதில் சொன்னார்கள். "மாசா மாசம் டாண்ணு வந்துருது டாக்டரம்மா. நாந்தானே சோறு வைக்கேன்." அடுத்த முறை வந்ததும் இரண்டாம் நாள் காலையில், வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

நான் என்ன செய்வேன்? அடுத்த மாதமும் கொட்டகையில் உட்கார்ந்தேன். என் பொய்யின் இரண்டாம் நாளில், தீட்டுக்குக் காவலாக என் கையில் வேப்பிலையைக் கொடுத்து அத்தை என்னைப் பஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்த பெண் எத்தனாவது நாள் என்று கேட்டாள். "ரெண்டு" என்றார்கள் அத்தை. அதையே சீட்டில் எழுதிக்கொண்டாள்.

முடிவு வாங்கப் போனபோது அப்பாவும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து நானே அந்தத் தாளைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷை எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் எண்கள் புரிந்தன. ஒவ்வொரு வரியிலும் எனக்கு வந்த அளவு, பக்கத்தில் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற அளவு. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை அந்த அளவுக்குள் இருந்தன. இரண்டே வரிகளுக்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருந்தது.

"ஸ்டாரு போட்டிருக்கான்லா, நல்லதுக்குத்தான்" என்றார்கள் அத்தை.

அப்பா கதவுத் திரைக்கு வெளியே நின்றுகொள்ள, நானும் அத்தையும் உள்ளே போனோம். டாக்டர் முதல் நட்சத்திரத்திலேயே நின்றார். "இது ரெண்டாம் நாள் எடுத்த ரத்தம்தானா? ரெண்டாம் நாள்னா இந்த ஹார்மோன் ரொம்ப அதிகம். மாசத்துக்கு நடுவுல எடுத்ததுன்னா இந்த அளவு சரிதான், பயப்பட ஒண்ணுமில்ல. நாள் தெரியாம இந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது."

"ரெண்டாம் நாளுதான். கோயில் பக்கம்கூட விடலையே நான்!"

"அப்ப எண்ணினதுல தப்பு இருக்கும். அடுத்த மாசம் திரும்ப எடுப்போம்."

நான் தலையாட்டியிருந்தால் போதும். இன்னொரு மாதம், இன்னொரு பொய், அதன்மேல் இன்னொரு தாள். ஆனால் அந்த ரத்தம் நிஜம் அம்மா. என் கையிலிருந்து எடுத்தது. அதற்கு ஒரு பொய் நாளைக் கொடுத்துவிட்டு, எனக்கு என்ன நோய் என்று எப்படிக் கேட்பேன்?

"டாக்டர், அது ரெண்டாம் நாளு இல்ல. எந்த நாளும் இல்ல. போன மாசியில வந்தது. அதுக்கப்புறம் வரவே இல்ல. சும்மாதான் உக்காருதேன்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அத்தை எழுந்துவிட்டார்கள். "அடிப்பாவி! வரலையா? என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்க?"

நீ பயந்த கேள்வி அதுதானே? நீ இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாய்.

அப்போது கதவுத் திரை விலகியது. வெளியே நின்ற அப்பா உள்ளே வந்தார். "யக்கா, நீ செத்த சும்மா இரி. எம்மவ பேசுதா. இவ பேசி நான் கேட்டே எம்புட்டு நாளாச்சு? நீ சொல்லு தாயி."

சொன்னேன். நீ சொல்லித்தான் உட்கார்ந்தேன் என்பதையும் சொன்னேன். அப்பா உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவளும் தனியாக் கெடந்து பயந்திருக்கா" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் பேனாவை எடுத்து, சீட்டில் இருந்த அந்த "இரண்டு" என்பதை அடித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தைராய்டு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், சர்க்கரை எல்லாம் அளவுக்குள் இருந்தன. அதற்காக உடம்பில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லையாம். மாதம் நிற்க அவை காரணமில்லை என்றுதான் அர்த்தமாம். இன்னொரு நட்சத்திரம், ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் ஹார்மோனுக்கு.

"ஆம்பள சத்தா? இவளுக்கா?" என்றார்கள் அத்தை.

"எல்லாப் பொம்பளைக்கும் கொஞ்சம் உண்டு. உங்களுக்கும் இருக்கு. இவளுக்குக் கொஞ்சம் கூடுதல்."

அத்தை மெதுவாகத் தன் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அப்பா இருமுவதுபோல் சிரித்தார்.

ஒரு எண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராத மாதங்கள், முகத்து முடி, இந்த இரண்டு நட்சத்திரங்கள், அன்றே எடுத்த ஸ்கேன், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெயர் சொன்னார். பி.சி.ஓ.எஸ். சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். வெட்டி எடுக்கிற கட்டி இல்லை. யாரும் செய்த பாவமும் இல்லை. மாத்திரையும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான் வைத்தியம், கல்யாணப் பேச்சு அப்புறம் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா வழக்கம்போல் கடலைமிட்டாய்க் கடைக்கு நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பி, வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு ஆடு தண்ணி குடிக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிரும். எம்மவளத் தெரியலையே" என்றார். நான் பாதிப் பிஞ்சை ஒடித்து அவர் கையில் கொடுத்தேன்.

போன வாரம் வந்தது அம்மா. மாத்திரையால்தான், ஆனால் நிஜமாக வந்தது. பழக்கத்தில் பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அப்பா தழை கட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, வந்துட்டு" என்றேன். கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார். பிறகு, "ஆட்டுக்கே எடம் பத்தல. நீ உள்ள போய்ப் படு தாயி" என்றார். அத்தை முணுமுணுத்தார்கள். ஆனால் சோற்றை வீட்டுக்குள்ளேதான் வைத்தார்கள்.

ஆபீசில் என்னோடு தீக்குச்சிக் கட்டை அடுக்கும் ஒருத்தி நேற்று என் காதில் வந்து, "எனக்கும் அப்படித்தான்" என்றாள். "டாக்டர்கிட்ட போ. எத்தனாவது நாளுன்னு மட்டும் மாத்திச் சொல்லிராத" என்றேன். யாரிடமும் நிமிர்ந்து பேசாத உன் மகள் சொன்னாள் அம்மா. உனக்குப் பெருமையாக இல்லையா? எனக்கு இருக்கிறது.

நம் மூலையில் இப்போது குட்டி போட்ட வெள்ளாடு படுத்திருக்கிறது. இனி வந்தால் வந்தது என்பேன், வராவிட்டால் வரவில்லை என்பேன். வராத நாளுக்காக அங்கே போய் உட்கார மாட்டேன். இது உன்மேல் சத்தியம். உன்னோடு பேச மூன்று நாட்கள் எனக்குப் போதவும் இல்லை. இனி எல்லா நாளும் பேசுவேன், வீட்டுக்குள் இருந்தே.

ஊருக்குப் பயந்து நீ பொத்திப் பொத்தி வைத்த, இப்போது வாய் திறந்துவிட்ட,
உன் ஒரே மகள்
கனி