மங்கை வீடு இல்லாத வரைபடம்

ஏப்ரல் 7, செவ்வாய்
மழை, ஆலங்கட்டி, வெயில். எல்லாம் மதியத்துக்குள். வாங்க: பால், பருப்பு, மின்குமிழ்.

குடிவரவு அலுவலகத்திடம் கேட்டிருந்த என் பழைய கோப்பின் நகல் தபாலில் வந்துவிட்டது. அகதியாக வந்த புதிதில், நான் உண்மையிலேயே சொன்ன ஊர்க்காரிதானா என்று பார்க்க, நோர்வே அதிகாரி ஊரை வரையச் சொன்னார். அந்த வரைபடம். முத்திரை, திகதி எல்லாம் தெளிவு.

இலங்கையில் இருக்கும் தம்பிக்கு அழைத்தேன். வெள்ளி அங்கே காணி விசாரணை. இராணுவம் எங்களை எழுப்பிய எல்லைக் கிராமம் இப்போது அரசாங்கப் படத்தில் காடு. காணி உறுதிப் பத்திரங்கள் எல்லாம் எரிந்துபோயின.

"அக்கா, இது போதும். ஊர் இருந்ததெண்டு காட்டினால் காணி வரும்."

சமையலறையில் தனியாக ஆடினேன். முழங்கால் வலி.

ஏப்ரல் 8, புதன்
படத்தை மறுபடி பார்த்தேன். பள்ளிக்கூடம், பிள்ளையார் கோயில், எல்லா வீடும். பக்கத்து வீட்டு மங்கையின் வீடு மட்டும் இல்லை. அப்போது வேலிச் சண்டை. கோபத்தில் விட்டிருக்கிறேன். அப்படியே அனுப்பினால் அவள் காணி காடுதான்.

பேனாவை எடுத்தேன். வைத்தேன். முத்திரை குத்திய தாளில் கை வைக்கலாமா.

மங்கையும் இப்போது ஒஸ்லோவில்தான், மறுகோடியில், எல்லிங்ஸ்ருட்டில். கோயிலில் கண்டால் நான் விளக்கைப் பார்ப்பேன், அவள் கூரையைப் பார்ப்பாள்.

ஏப்ரல் 9, வியாழன்
வேலை முடிய எல்லிங்ஸ்ருட். வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"மங்கை, அகதி விசாரணைப் படத்தில உன்ர வீட்டை நான் கீறேல்லை."

உள்ளே போனாள். விளக்குமாறு வரும் என்று நினைத்தேன். பழைய கோப்பு வந்தது.

"என்னையும் கீறச் சொன்னவங்கள். பார்."

பள்ளிக்கூடம், கோயில், எல்லா வீடும். எங்கள் வீடு இல்லை.

வயிறு நோகச் சிரித்தோம். அவள் கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு தாளையும் சேர்த்துத் தம்பிக்கு அனுப்பினோம். முழு ஊர். மங்கை தந்த புட்டில் உப்பு அதிகம். சொல்லவில்லை. மகிழ்ச்சி தாங்கவில்லை எனக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி
விடிய ஆறு மணிக்கே மங்கை பியோர்ண்டாலில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கைபேசியில் தம்பி. அவன் பக்கத்திலிருந்து காணி அதிகாரி பேசினார்.

"ரெண்டு பேர் வேறை வேறையாக் கீறினது. ஆனால் பொருந்துது. இது காடில்லை, ஊர்தான். திங்கள் அளக்க வருவம்."

மங்கை அழுதாள். நானும்.

அதிகாரி விடவில்லை. "ஒண்டு விளங்கேல்லை. ரெண்டு வீட்டுக்கும் நடுவில ஒரு கிணறு. ரெண்டு பேரும் உங்கட உங்கட வேலிக்குள்ள அதைக் கீறியிருக்கிறியள். யாரின்ர கிணறு?"

மரியாதைக்காக, "மங்கையின்ரதான்" என்றேன். இல்லை, உங்கடைதான் என்பாள் என்று நம்பி.

"ஓம், எங்கடைதான்" என்றாள் மங்கை, தேத்தண்ணியை உறிஞ்சியபடி.

திங்களுக்குள் தம்பியைத் தனியாகப் பிடிக்கவேண்டும். அளக்கும்போது கிணறு எங்கள் காணிக்குள் வரவேண்டும்.