உப்பில் கழுவிய இழைகள்

என் ஸஹ்லா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னை அடக்கிய மையவாடிக்கு நம்மூர்ப் பெண்கள் போவதில்லை என்பதால் ஸலாமை இந்தத் தாளிலேயே சொல்கிறேன். போன மாரியில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. இந்த மாரிக்கு கல்முனைத் தெருவெல்லாம் முன்கூட்டியே புகை அடிக்கிறார்கள். பார்க்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒரு செய்தி இருக்கிறது. நீ சொன்னதுதான் சரி.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உன் இறுதி வருட ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். உயிர்க்கலத்துக்கு உருவம் கொடுக்கும் மெல்லிய புரத இழைகளைக் கோழித் தசையிலிருந்து பிரித்தெடுப்பது உன் வேலை. வேகமாகச் சுழற்றி அடியில் படியவிட்டால், இழைகளோடு ஒரு நொதியமும் கூடவே வந்தது. குளுக்கோசை உடைத்துச் சக்தி எடுக்க உதவும் நொதியம் அது. கலத்துக்குள் அது சும்மா மிதந்து திரிகிறது என்றுதான் நாம் உயர்தர வகுப்பில் படித்திருந்தோம்.

"மச்சி, இது மிதக்கல்ல. இழையில ஒட்டிப் புடிச்சிட்டு இரிக்கி," என்றாய்.

"அது அழுக்கு புள்ள. மீன் கழுவுற மாதிரி உப்புத் தண்ணியில கழுவு, தெளியுமட்டும்," என்றேன். கடற்கரை வீட்டில் வளர்ந்த எனக்கு அழுக்கைக் கண்டால் கை உப்புக்குத்தான் போகும்.

உப்பைக் கூட்டக் கூட்ட நொதியம் குறைந்து, கடைசியில் இல்லாமலே போனது. நொதியத்தை இழையோடு பிடித்துவைத்திருப்பது மின்னேற்றம், உப்பு அதைக் கழற்றிவிடும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாய். இப்படி ஒட்டியிருப்பதைக் கண்டவர்களின் வெளிநாட்டுக் கட்டுரைகளையும் காட்டினாய். அவர்கள் கண்டதை நம்பினேன். நீ கண்டதை மட்டும் அழுக்கு என்றேன். ஏன் மச்சி? மாமா மகள் என்னைவிடக் கெட்டிக்காரியாகிவிடுவாள் என்ற பொறாமையா? இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

முடிவு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாய். மேற்படிப்பு வாய்க்கவில்லை. சாய்ந்தமருதில் ரியூசன் வகுப்பெடுத்தாய், ஆய்வுகூடப் பக்கம் பிறகு வரவே இல்லை.

சென்ற வாரம் ஆய்வுகூடத்தில் கிடந்த உன் குறிப்புக் கொப்பியை எடுத்து, நீ எழுதியபடியே உப்பைக் குறைத்துச் செய்தேன். மூன்று தடவையும் நொதியம் இழையோடு வந்தது. இழையை விட்டுக் கழன்றால்தான் நொதியம் முழு வேகத்தில் வேலை செய்யும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய். அதை இனித்தான் பார்க்க வேண்டும்.

நல்ல செய்தி என்று நினைத்து உன் உம்மாவிடம் ஓடினேன். மடைச்சி நான்.

"ஸஹ்லா சொன்னது சரி மாமி."

"அது சரியெண்டு அவளுக்குத் தெரியுந்தானே, புள்ள. நீ நம்பல்ல எண்டுதான் அவள் அழுதது," என்றார் மாமி. பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். உன் பெயர்தான் முதலில் வரும். முதல் தடவை உப்பைக் கூட்டச் சொன்னது யார் என்பதையும் அதில் மறைக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் ஜனாஸாவை வீட்டிலிருந்து எடுக்குமுன், நீ யாருக்காவது ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று மாமா எல்லாரிடமும் கேட்டார். பெண்களுக்கு நடுவில் நின்று, மன்னித்தேன் என்று நானும் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

உன் மாமியின் மகள்,
நஸ்ரின்