பன்றிப் பண்ணைக்குப் போ, சுஹானா

அன்பு மகள் சுஹானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே நீ சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் பேசினால் கோபத்தில் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை நூருல் ஹுதா எழுதுகிறாள். எஸ்.பி.எம். பரீட்சைக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவள் அல்லவா, என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள், கோபத்தை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஃபரா வியாழக்கிழமை நீ இருக்கும் எடின்பரோவுக்குத் திரும்புகிறாள், அவளிடம் மசாலாத் தூளோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பன்றிக்குட்டியைத் தூக்கி வைத்திருந்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் பயந்து அழித்தாயே, அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் இப்ராஹிம் மாமா வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். ஏம்மா ஆயிஷா, புள்ளைய டாக்டருக்குப் படிக்க அனுப்புனியா, பன்னி மேய்க்க அனுப்புனியா என்றார். அவர் உனக்குப் பார்த்த புக்கிட் மெர்தாஜாம் ஊர் மாப்பிள்ளை வீட்டாரும் படத்தைப் பார்த்தார்களாம், நீ கால்நடை மருத்துவத்தை விட்டு மருந்தாளுநர் படிப்புக்கு மாறினால்தான் மேற்கொண்டு பேசுவார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் ஹுதா உள்ளேயிருந்து, மாமா, உங்க பூனைக்கு மூத்திரம் அடைச்சப்ப அக்காவுக்குத்தானே வீடியோ கால் போட்டீங்க, பூனைன்னா டாக்டரு, பன்னின்னா மட்டும் மேய்க்கிறவளா என்று கேட்டுவிட்டாள். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று அதட்டினேன், அதட்டல் அவ்வளவு பலமாக வரவில்லை. அதுவரை ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த உன் அத்தா தலையை நிமிர்த்தி, மச்சான், நான் பட்டர்வொர்த் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறேன், கண்டெய்னருக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க ஒருநாளாச்சும் கேட்டீங்களா, அந்தச் சம்பளத்துல எடுத்த பெருநாள் கைலியத்தான் இப்ப கட்டியிருக்கீங்க என்றார். மாமா தேநீர் குடிக்காமலே போய்விட்டார். வரும்போது வரட்டும்.

இப்போது உன் விஷயம். பன்றிப் பண்ணைப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்கட்டுமா, கிடைக்காவிட்டால் படிப்பை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கேட்காதே, வராதே. ஆடு மாடு மட்டும் தெரிந்த அரை டாக்டர் எனக்கு வேண்டாம். நீ பிறப்பதற்கு முன்னால் இந்த நாட்டில் நிப்பா காய்ச்சல் வந்தது, பன்றியிலிருந்துதான் மனிதருக்குத் தொற்றியது. பண்ணை வேலைக்குப் போன நம் தமிழர்களும் அதில் செத்தார்கள். ஹுதா நூலகத்தில் தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். நோய் யாரைத் தொடுவது என்று மதம் பார்த்தா வந்தது? பள்ளியில் மார்க்கப் பாடம் நடத்தும் உஸ்தாஸாவிடமும் அவளே கையைத் தூக்கிக் கேட்டிருக்கிறாள். படிப்புக்காகத் தொடலாம், மண் கலந்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஆறு முறை கழுவிவிட்டுத் தொழலாம் என்று சொன்னாராம். மண் கலந்த சோப்பு வாங்கிப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போன் செய்தேன். என் மகளுக்குப் பண்ணையில் வேலை இருக்கிறது, உங்கள் பையனைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ என்னைத் திட்டலாம், படிப்பை விட்டால் நான் உன்னைத் திட்டுவேன்.

குளிரில் காதை மூடிக்கொள், கையுறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துப் போடு, குட்டி போட்ட பன்றி கடிக்கும் என்கிறார்கள், பின்னால் வழி வைத்துக்கொண்டு நில். அல்லாஹ் உன் கைக்குப் பலம் தரட்டும், அந்தக் கை பட்ட உயிர்களெல்லாம் எழுந்து நடக்கட்டும். திங்கட்கிழமை பண்ணையில் உன் முதல் ஊசியைப் போட்டு முடித்ததும் கழுவிவிட்டு எனக்குப் போன் பண்ண மறக்காதே. அந்நேரம் உன் மாமாவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டு, பன்றி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ஆயிஷா