வெள்ளைச் சட்டையைத் தொடாதீங்க

என் அருமைப் புருஷனுக்கு,

உங்களோட பேசமாட்டேன்னுதான் நேத்து சொன்னேன். எழுதமாட்டேன்னு சொல்லலை.

நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாட்டை அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். சாவி ஆணியில தொங்குது. நாலு மணிக்கு உங்க மேனேஜர் வீட்டுக்கு வர்றார் இல்லையா, நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். வெள்ளைச் சட்டை பக்கம் போகாதீங்க. காரணம் கீழே.

ஜன்னல் மூலையில ஒட்டடைன்னு நீங்க துடைப்பத்தால அடிச்சுத் தள்ளினது என்னோட மூணு நாள் ஃபோட்டோ வேலை. அந்தச் சிலந்தி வலைக்குப் பின்னாலேருந்து டார்ச் அடிச்சா ஒவ்வொரு இழையும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். ஆனா சிலந்தி முகத்துல ஃபிளாஷை நேரா அடிச்சா, எட்டுக் கண்ணும் கண்ணாடிச் சில்லாத்தான் தெரியும். நடுவுல வெள்ளைத் துணி இருந்தா வெளிச்சம் பஞ்சு மாதிரி இறங்கும். வீட்டுல இருந்த நல்ல வெள்ளைத் துணி உங்க சட்டைதான். ஜன்னல்ல மாட்டினேன். கேட்காம எடுத்தது தப்புதான், ஒத்துக்கிறேன்.

நீங்க வீட்டை இடிச்சதும் அவ எங்க போவா? பக்கத்துல தொங்கின உங்க சட்டைப் பைக்குள்ளயே குடி வந்துட்டா. காலையில பார்த்தேன், முட்டையும் வெச்சிருக்கா.

பி.கு: சமாதானம் வேணும்னா சாயங்காலம் நான் வந்ததும் டார்ச் பிடிங்க.

இன்னொண்ணு: அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டேதான் இதைப் படிக்கிறீங்கன்னா, அப்படியே நின்னு எனக்கு போன் போடுங்க. கேமராவோட ஓடி வர்றேன். மறந்தும் குதிச்சுடாதீங்க. பச்சை உடம்புக்காரி, பயந்துடுவா.